மழலையர் வகுப்பில் ஒழுங்கு

"ஒழுங்கான வகுப்பு எது?" என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் உடனே கூறும் விடை, "சத்தம் இல்லாத வகுப்பு" என்பதுதான். தாழ்வாரத்தில் நடந்து செல்லும் தலைமை ஆசிரியர், ஒரு வகுப்பின் வாசலைக் கடக்கும்போது உள்ளிருந்து ஓசை எழவில்லை என்றால், அந்த வகுப்பின் ஆசிரியர் வல்லவர் என்று முடிவு செய்துகொள்கிறார். அடுத்த அறையில் இரைச்சல் கேட்டால், அங்கே ஆசிரியர் இல்லை போலும் என்று எட்டிப் பார்க்கிறார். பதினைந்து பதினாறு வயது மாணவர்களுக்கு இந்த அளவுகோல் ஒருவாறு பொருந்தலாம். ஐந்து ஆறு வயதுக் குழந்தைகள் நாற்பது பேர் அமர்ந்திருக்கும் முதல் வகுப்புக்கு இது பொருந்தாது. அந்த வயதுக் குழந்தைகள் நாற்பது பேர் நாற்பது நிமிடம் அசையாமல், வாய் திறவாமல் இருக்கிறார்கள் என்றால், அங்கே ஏதோ பிழை இருக்கிறது என்றே நான் எண்ணுவேன்.

தமிழில் 'அடங்குதல்' என்று ஒரு சொல் உண்டு. 'அடக்குதல்' என்று ஒரு சொல் உண்டு. இடையில் நிற்கும் ஒற்று ஒன்றுதான் வேறுபாடு. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. 'அடக்கம்' என்னும் பெயர்ச்சொல்லோ இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு, தானே அடங்கிய வகுப்பும் பிறரால் அடக்கப்பட்ட வகுப்பும் ஒன்று போலவே தோன்றும். ஆசிரியர் ஐந்து நிமிடம் வெளியே சென்றுவிட்டால்தான் எது எது என்று தெரியும். அடக்கப்பட்ட வகுப்பு அப்போது சந்தைக்கடை ஆகிவிடுகிறது. அடங்கிய வகுப்பிலும் பேச்சு இருக்கும், சிரிப்பும் இருக்கும். ஆனால் கையில் எடுத்த வேலை நடந்துகொண்டே இருக்கும்.

இதை மாணவர்களாகிய உங்களிடம் ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். உங்களுள் சிலர் ஆசிரியர்கள் ஆவீர்கள். மற்றவர்களும் வீட்டில் தம்பி தங்கையருக்கு மாலை வேளையில் பாடம் சொல்லிக் கொடுக்கிறீர்கள். அங்கேயும் குட்டு விழுகிறது, கண்ணீர் வருகிறது. அன்றியும், அந்த முதல் வகுப்பின் மணைப்பலகையிலிருந்து எழுந்து வந்து உங்களுக்கு இன்னும் நெடுங்காலம் ஆகிவிடவில்லை. அங்கே நிகழ்வதைப் பற்றிச் சாட்சி சொல்ல என்னைவிட உங்களுக்கு உரிமை அதிகம்.

நம் நாட்டில் பழைய நாளில் இந்த ஒழுங்கு எவ்வாறு காக்கப்பட்டது என்பதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. சர் தாமஸ் மன்றோ சென்னைக் கவர்னராக இருந்தபோது, மாகாணம் முழுவதிலும் உள்ள பள்ளிகளைப் பற்றி அறிக்கை அனுப்புமாறு 1822-இல் கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். இன்று கருநாடக மாநிலத்தில் இருக்கும் பல்லாரி அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஜில்லா. அதன் கலெக்டர் காம்பெல் 1823-இல் எழுதிய அறிக்கை நீண்டது, சுவையானது. காலையில் பள்ளிக்கு முதலில் வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம், அது பெருமை. இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழி. அவனுக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாவதாக வருபவனுக்கு மெல்ல ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. அதன்பின் வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒவ்வோர் அடி கூடிக்கொண்டே போகும்.

இந்தக் கணக்கைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள பள்ளியில் கடைசியாக வருபவனுக்கு முப்பத்தெட்டு அடி. நாற்பது பேரும் விடியற்காலையிலேயே வந்துவிட்டாலும், அவர்களுள் ஒருவன் கடைசியாகத்தானே வர வேண்டும்? அவனுக்கும் முப்பத்தெட்டுத்தான். எத்தனை மணிக்கு வந்தான் என்பது அன்று, எத்தனை பேருக்குப் பின் வந்தான் என்பதே அவன் குற்றம். யார் எவ்வளவு முயன்றாலும் யாரேனும் ஒருவன் அடிபட்டே தீர வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே அமைந்துவிட்டது. பள்ளி தொலைவில் இருக்கும் பிள்ளையும், காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வர வேண்டிய பிள்ளையும் நாள்தோறும் அந்த இடத்தில் நின்றிருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. நாளடைவில் அத்தகைய பிள்ளை என்ன முடிவுக்கு வருவான்? நேரத்தில் வர வேண்டும் என்ற முடிவுக்கா? வராமலே இருந்துவிடலாம் என்ற முடிவுக்கா?

அதே அறிக்கையில் வேறு தண்டனைகளும் இருக்கின்றன. சோம்பேறிப் பிள்ளையின் இரு கைகளையும் கட்டிக் கப்பியின் வழியாகக் கூரையில் தொங்கவிடுவது ஒன்று. நம் பக்கத்துத் திண்ணைப் பள்ளிகளில் இதற்குக் 'கோதண்டம்' என்று பெயர். ஓயாமல் மண்டியிட்டு எழச் செய்வது மற்றொன்று. இது வேதனை தருவது, களைப்பூட்டுவது என்று எழுதிய கலெக்டர், ஒருவேளை உடல்நலத்துக்கு ஏற்றதாகவும் இருக்கலாம் என்று சேர்த்துக்கொள்கிறார்! பிறர் பிள்ளை படும் துன்பத்தில் நன்மை காண்பது எல்லாக் காலத்திலும் எளிதாகவே இருந்திருக்கிறது.

ஆனால் திண்ணைப் பள்ளியைப் பற்றி இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது நியாயம் ஆகாது. 1789-ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் பிள்ளைகளுக்கான ஆதரவு இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்து, 1797-இல் இலண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார். மணலும் விரலும் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் எந்த நேரமும் கையில் வேலை இருக்கும். தன் முறை வரும் வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. சும்மா இருக்கும் குழந்தைதான் அடுத்தவன் சட்டையை இழுக்கிறது. இந்த உண்மையைத் திண்ணைப் பள்ளி அறிந்திருந்தது. பிரம்பை நினைவில் வைத்திருக்கும் நாம் மணலை மறந்துவிட்டோம் என்பது என் வருத்தம்.

பெல்லைப் போலவே இங்கிலாந்தில் பெரிய பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டர் பிரம்பை விரும்பாதவர். அதனால் அவர் பள்ளியில் தண்டனை இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. குற்றம் செய்த பிள்ளையைக் கூடையில் உட்கார வைத்துக் கூரையிலிருந்து எல்லோரும் பார்க்கத் தொங்கவிட்டார். கழுத்தில் மரக்கட்டை மாட்டினார். அடி போய், அவமானம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. இந்தப் பண்டமாற்று லங்காஸ்டரோடு முடிந்துவிடவில்லை. இன்றும் கையில் கோல் எடுக்காத ஆசிரியர் சிலர், நாக்கையே கோலாக வைத்திருக்கிறார்கள். ஒரு குழந்தையை 'மக்கு' என்று நாற்பது பேர் நடுவில் சொன்னால், அன்று மாலையே தெருவில் அந்தப் பெயர் அதற்கு முன்னே போய்ச் சேர்ந்துவிடுகிறது. பிரம்படியின் தழும்பு ஒரு வாரத்தில் மறையும். பட்டப்பெயர் கல்யாணம் வரைக்கும் கூட வரும்.

இதை உணர்ந்துதான் நம் சட்டமும் இரண்டையும் சேர்த்தே விலக்குகிறது. தமிழ்நாட்டில் 2003-இலேயே கல்வி விதிகளைத் திருத்திப் பள்ளியில் உடல் தண்டனையை நீக்கினார்கள். 2009-இல் இயற்றப்பட்ட கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் பதினேழாம் பிரிவு, குழந்தைக்கு உடல் தண்டனையும் தரலாகாது, மனத் துன்புறுத்தலும் செய்யலாகாது என்கிறது. போலந்து நாடு 1783-ஆம் ஆண்டிலேயே பள்ளிகளில் பிரம்பைத் தடை செய்துவிட்டது என்பதை நினைத்தால், நாம் சற்றுத் தாமதமாகத்தான் வந்திருக்கிறோம். பல்லாரிக் கணக்குப்படி நமக்கு எத்தனை அடியோ!

எனினும் சட்டம் எதைச் செய்யக் கூடாது என்று சொல்லும்; எதைச் செய்ய வேண்டும் என்று சொல்வது அதன் வேலை அன்று. ஆசிரியப் பயிற்சி பெறும் இளைஞர்கள் முதன்முதலாகச் சிறுவர் வகுப்பில் நின்றுவிட்டு வந்து என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றேதான்: "அடிக்கவும் கூடாது, ஏசவும் கூடாது என்கிறீர்கள், பிறகு நாற்பது பேரை எதைக் கொண்டு நிறுத்துவது?" கேள்வி நியாயமானதே. ஊர்ப் பெற்றோர்களும் அவர்களுக்கு உதவுவதில்லை. "கண்ணிரண்டை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஐயா" என்று பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் போகிற தந்தையர் இன்னும் இருக்கிறார்கள். அன்பில்லாமல் அப்படிச் சொல்வதில்லை. தமக்குக் கிடைக்காத படிப்பு மகனுக்கு எப்படியாவது கிடைத்துவிட வேண்டும் என்னும் தவிப்பே அப்படிப் பேச வைக்கிறது.

இதற்கு விடை தேடிய ஓர் அமெரிக்க உளவியலாளரைப் பற்றிக் கூறுகிறேன். அவர் பெயர் ஜேக்கப் கூனின். ஒரு நாள் கல்லூரியில் அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவர் செய்தித்தாளை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். கூனின் அவரைக் கண்டித்தார். கண்டிக்கப்பட்டவர் ஒருவர்தான், ஆனால் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள், நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்கள். குளத்தில் எறிந்த கல்லைப் போல் ஒரு கண்டிப்பு இவ்வாறு அலை எழுப்புகிறதே என்று வியந்து, எவ்வகைக் கண்டிப்பு எவ்வகை அலையை எழுப்பும் என்று ஆராயப் புகுந்தார். பல ஆண்டு உழைத்தார். சிறுவர் வகுப்புகளில் நிகழ்வதைப் படம் பிடித்து வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார். 1970-இல் நூலை வெளியிட்டபோது அவர் கண்ட முடிவு, அவர் தேடிப் போன முடிவு அன்று. நன்றாக நடக்கும் வகுப்பின் ஆசிரியரும், கலைந்து கிடக்கும் வகுப்பின் ஆசிரியரும் குறும்பு நிகழ்ந்த பின் கண்டிக்கும் முறையில் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை! கடுமையாகக் கண்டித்தாலும், மென்மையாகக் கண்டித்தாலும், அதனால் வகுப்பின் நிலை மாறவில்லை. வேறுபாடெல்லாம் குறும்பு நிகழ்வதற்கு முன்பே இருந்தது.

முன்பே என்றால் என்ன? நல்ல ஆசிரியருக்கு முதுகிலும் கண் இருப்பதாகப் பிள்ளைகள் நம்பினார்கள். அவர் ஒரு குழந்தையின் சிலேட்டைத் திருத்திக்கொண்டே, மூலையில் இருவர் தள்ளிக்கொள்ளத் தொடங்குவதைத் தொடக்கத்திலேயே கண்டார். பெரிதாகும் வரை காத்திருக்கவில்லை. தள்ளத் தொடங்கியவனைப் பார்த்தார். தள்ளப்பட்டுத் திருப்பித் தள்ளியவனைப் பிடித்துக்கொள்ளவில்லை. இந்தக் கடைசிச் செய்தி மிக முக்கியம். உண்மையில் குற்றம் செய்தவன் தப்பி, இரண்டாமவன் அகப்படும்போது, ஆசிரியருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதை நாற்பது பேரும் அந்த நொடியிலேயே அறிந்துகொள்கிறார்கள்.

கூனின் கண்ட மற்றோர் உண்மை, ஒரு வேலையிலிருந்து மறு வேலைக்கு வகுப்பை நடத்திச் செல்லும் விதம் பற்றியது. இதை நம் ஊர் வகுப்பில் வைத்துச் சொல்கிறேன். "எல்லோரும் தமிழ்ப் புத்தகத்தைப் பைக்குள் வையுங்கள்; கணக்கு நோட்டை எடுங்கள்" என்கிறார் ஆசிரியர். பாதிப் பேர் எடுத்துவிட்டார்கள். அப்போது அவருக்கு ஏதோ நினைவு வருகிறது. "ஆமாம், நேற்று வீட்டுப் பாடம் எழுதாதவர் யார் யார்?" என்கிறார். கணக்கு நோட்டை எடுத்தவர்கள் மீண்டும் தமிழ் நோட்டைத் தேடுகிறார்கள். இதற்குள் சுண்ணக்கட்டி தீர்ந்துவிட்டது. ஒரு பையனை அடுத்த வகுப்புக்கு அனுப்புகிறார். அவன் வரும் வரை எல்லோரும் காத்திருக்கிறார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்குக் காத்திருப்பது என்றால் என்ன தெரியுமா? அதற்கு அப்படி ஒரு தொழில் தெரியாது. பென்சிலால் குத்தும், பையைத் திறந்து மூடும், அடுத்த வரிசைக்குப் போய் வரும். அப்போது ஆசிரியர் மேசையைத் தட்டி, "எத்தனை தடவை சொல்வது உங்களுக்கு?" என்கிறார். பழி பிள்ளைகள் மீது விழுகிறது. மூன்று சுண்ணக்கட்டியைக் காலையிலேயே எடுத்து வைத்திருந்தால் அந்தக் கூச்சல் பிறந்தே இருக்காது.

ஆகையால் பயிற்சி மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது பாடக் குறிப்பை அன்று. பிள்ளைகள் உள்ளே வரும்போது பையை எங்கே வைப்பார்கள்? சிலேட்டை யார் கொடுப்பார், எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவார்? முதலில் எழுதி முடித்த குழந்தை அடுத்து என்ன செய்யும்? இவற்றுக்கு விடை இருந்தால் பாதி ஒழுங்கு வந்துவிட்டது. வெளியே செல்ல அனுமதி கேட்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தை எழுந்து சிறுவிரலைக் காட்டினால் ஒன்பது குழந்தைகளுக்கு உடனே அதே அவசரம் வந்துவிடும். "ஒருவரும் போகக் கூடாது" என்று ஆசிரியர் சீறுகிறார். உண்மையிலேயே அவசரமுள்ள குழந்தை அடக்கிப் பார்த்து, முடியாமல் இருந்த இடத்திலேயே நனைத்துவிட்டு அழுகிறது. அடுத்த நாள் பள்ளிக்கு வர மறுக்கிறது. ஒரு பள்ளியில் ஆசிரியை ஒருவர் கதவருகே ஆணியில் இரண்டு மரத்துண்டுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஒன்றில் பையன் படம், ஒன்றில் பெண் படம். துண்டு ஆணியில் இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். இல்லையென்றால் போனவர் வரும் வரை பொறுக்க வேண்டும். கேட்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். அந்த வகுப்பில் அன்று முழுதும் யாரும் பாடத்தை நிறுத்தி அனுமதி கேட்டதை நான் காணவில்லை.

விதிகளைச் சொல்லும் மொழியும் கவனத்துக்குரியது. 'ஓடாதே' என்னும் சொல்லில் 'ஓடு' முன்னே நிற்கிறது. மறுப்பு வாலில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் குழந்தையின் காதில் எது முதலில் விழும்? "நடந்து வா" என்றால் செய்ய வேண்டியது இன்னது என்று தெரிகிறது. "ஒழுங்காக இரு" என்பது போன்ற கட்டளைகள் பெரியவர்களுக்கே விளங்குவதில்லை. கையை எங்கே வைப்பது, காலை எங்கே வைப்பது, கண்ணால் எதைப் பார்ப்பது என்று சொன்னால்தான் குழந்தைக்குப் புரியும். மனத்தில் எழும் உந்துதலைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் அந்த வயதில் முளை விட்டிருக்கிறதே தவிர முற்றவில்லை. மூளையின் முன்பகுதி முதிர்ச்சி அடைய இருபது வயதும் கடக்கிறது என்கிறார்கள் மருத்துவ அறிஞர்கள். எனவே ஆறு வயதுக் குழந்தை சொன்னதை மறந்து மீண்டும் எழுந்து ஓடினால் அது நம்மை எதிர்க்கிறது என்று கொள்வது, நடை பழகும் குழந்தை விழுந்தால் அது நம்மை அவமதிக்கிறது என்று கொள்வதைப் போன்றதே.

மேலும் ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் முதல் வகுப்பு ஒன்றில் 1968-இல் ஒரு சோதனை செய்தார்கள். பிள்ளைகள் இடத்தைவிட்டு எழுந்து திரியும்போதெல்லாம் "உட்கார்" என்று ஆசிரியைகள் சொல்வது வழக்கம். அவ்வாறு சொல்வதைச் சில நாள் மிகுதியாக்கினார்கள். எழுந்து திரிபவர்கள் குறையவில்லை, கூடினார்கள்! சொன்னவுடன் ஒவ்வொரு குழந்தையும் உட்காரத்தான் செய்தது. அதனால் ஆசிரியைகளுக்குத் தம் சொல் பலிப்பதாகவே தோன்றியது. ஆனால் எழுந்தால் ஆசிரியை நம்மைப் பார்க்கிறார், நம் பெயரைச் சொல்கிறார் என்பதையும் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக, அமர்ந்து வேலை செய்யும் குழந்தைகளின் பக்கம் ஆசிரியைகள் தம் கவனத்தையும் பாராட்டையும் திருப்பியபோது எழுவது குறைந்தது. குழந்தைக்கு ஆசிரியரின் பார்வை வெயிலைப் போன்றது. எந்தப் பக்கம் வெயில் விழுகிறதோ அந்தப் பக்கமே செடி வளையும்.

அப்படியானால் மிட்டாயும் நட்சத்திரமும் கொடுத்து நல்லவர்கள் ஆக்கிவிடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். இங்கே நான் சற்றுத் தயங்குகிறேன். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் லெப்பர் முதலிய மூவர் நடத்தி, 1973-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இது. வண்ணப் பேனாவால் படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள குழந்தைகளுள் ஒரு பிரிவினரிடம், "வரைந்தால் பொன் நட்சத்திரம் ஒட்டிய பரிசுத்தாள் தருவோம்" என்று முன்னதாகவே சொல்லி வரையச் செய்து, தந்தார்கள். சில நாள் கழித்துப் பேனாக்களைப் பொதுவில் வைத்துவிட்டுப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம், பரிசே அறியாத குழந்தைகள் செலவிட்டதில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளிடம் இந்தக் குறைவு இல்லை. விளையாட்டாக இருந்தது கூலி வேலையாக மாறிவிட்டது. தனக்கு விருப்பமில்லாத வேலையைத் தொடங்க ஒரு சிறு பரிசு உதவலாம். நான் அதை மறுக்கவில்லை. விரும்பிச் செய்வதற்கு விலை வைப்பதுதான் கேடு. பாராட்டுக் கூறும்போதும், "நீ நல்ல பிள்ளை" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "சிலேட்டு இல்லாத பிள்ளைக்கு உன்னுடையதைக் கொடுத்தாயே, பார்த்தேன்" என்று செய்த செயலைச் சொல்வது நல்லது.

நம் பள்ளிகளுக்கே உரிய ஒரு வழக்கத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆசிரியர் வெளியே போகும்போது வகுப்புத் தலைவனை அழைத்து, பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதச் சொல்லிவிட்டுப் போகிறார். மீண்டும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. மறுபடியும் பேசினால் இன்னொன்று. நீங்கள் எல்லோரும் அந்தக் கரும்பலகையில் ஒரு நாளேனும் இடம் பெற்றிருப்பீர்கள்! பெயரை அழிப்பதற்குப் பாதிக் கொய்யாப்பழம் என்பது என் காலத்து விலை. தலைவனின் நண்பர்கள் எவ்வளவு பேசினாலும் பலகையில் ஏறுவதில்லை என்பதும், அவனோடு முதல் நாள் பம்பரத்தில் சண்டையிட்டவன் வாய் மூடி இருந்தாலும் மூன்று பெருக்கல் குறி பெறுவான் என்பதும் எல்லோரும் அறிந்தவை. காட்டிக் கொடுத்தலும், கையூட்டும், அதிகாரத்தைப் பகை தீர்க்கப் பயன்படுத்துவதும் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. இவற்றை ஏழு வயதிலேயே பிழையறக் கற்பிக்கும் அந்தச் சுண்ணக்கட்டியை ஆசிரியர் யார் கையிலும் கொடுக்காமல் இருப்பது நலம். தலைவனுக்கு வேலை கொடுக்க வேண்டுமென்றால் தண்ணீர்ப் பானையைப் பார்த்துக்கொள்ளட்டும்; அதுவும் வாரத்துக்கு ஒருவராக மாறட்டும்.

குறும்பு என்று நாம் பெயரிடுவனவற்றுள் ஒரு பகுதி குறும்பே அன்று. காலையில் ஒன்றும் உண்ணாமல் வரும் குழந்தை பதினொரு மணிக்கு மேசைமேல் தலை சாய்க்கிறது. அல்லது எரிச்சலில் அடுத்த குழந்தையைக் கடிக்கிறது. அதற்கு எந்த நீதிக்கதையும் மருந்து ஆகாது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசின் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு கொடுக்கத் தொடங்கியது, என் கருத்தில், ஒழுங்குக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடும் ஆகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பயிற்சி வகுப்பைப் பார்வையிடச் சென்றிருந்தேன். இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். பிடிவாதக்காரி, சொன்னால் கேட்பதில்லை, மற்றவர்கள் செய்வதைப் பார்த்துக் கேலியாகப் பின்னால் செய்து காட்டுகிறாள் என்று வகுப்பாசிரியர் சொன்னார். அவர் கெட்டவர் அல்லர்; மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்து மாரடித்துக்கொண்டிருந்தவர். சிறுமியை உள்ளே அழைத்து, கடைசி வரிசையில் அவளுக்குரிய இடத்தில் உட்கார வைத்துச் சிறிது நேரம் கவனித்தேன். "எழுந்திருங்கள்" என்றபோது எல்லோரும் எழுந்தார்கள். அவள் இடமும் வலமும் பார்த்துவிட்டு எழுந்தாள். "புத்தகத்தைத் திறங்கள்" என்றபோதும் அவ்வாறே. அவளுக்குப் பின்னால் போய்ச் சாவிக் கொத்தைக் குலுக்கினேன். பக்கத்துக் குழந்தைகள் நால்வர் திரும்பினர், அவள் திரும்பவில்லை. காதருகே குனிந்து பார்த்தபோது உலர்ந்த சீழும் ஒரு துண்டுப் பஞ்சும் இருந்தன. அரசு மருத்துவமனையில் காட்டியபோது, இரண்டு காதுகளிலும் நடுச்செவியில் நெடுநாளாகப் புண் இருந்ததாகச் சொன்னார்கள். மருந்தில் ஒரு காது பெரிதும் தேறியது. மற்றது ஓரளவே தேறியது. முன் வரிசையில் ஆசிரியரின் முகம் தெரியும் இடத்தில் அவளை உட்கார வைத்தார்கள். அதன்பின் அவள் பிடிவாதத்தைப் பற்றி யாரும் என்னிடம் சொல்லவில்லை. செவி மந்தமான அந்தக் குழந்தை, கேட்கவில்லை என்னும் குற்றத்துக்காக, எதுவுமே கேட்க முடியாத வாசலுக்கு வெளியே ஏறக்குறைய ஒரு பருவம் முழுவதும் நிறுத்தப்பட்டிருந்தாள்.

அமைதியைப் பற்றி மரியா மாண்டிசோரி அம்மையார் கண்டதைக் கூறாமல் இந்தப் பேச்சு முழுமை பெறாது. 1907-இல் ரோம் நகரத்து ஏழைத் தொழிலாளர் பகுதியில் சிறுவர் இல்லம் தொடங்கியவர் அவர். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியப் பயிற்சி நடத்தினார், போர் மூண்டதால் சில மாதங்களில் திரும்பக் கருதியவர் 1946 வரை நம் நாட்டிலேயே தங்க நேர்ந்தது, கோடைக்கானலிலும் பணிபுரிந்தார். ரோம் நகரப் பள்ளியில் ஒரு நாள் நான்கு மாதக் கைக்குழந்தை ஒன்றை ஏந்தி வந்து, "இது எவ்வளவு அமைதியாக இருக்கிறது, பாருங்கள், இதன் மூச்சுக்கூடக் கேட்கவில்லை" என்னும் கருத்துப்படப் பிள்ளைகளிடம் சொன்னாராம். பிள்ளைகளும் அதைப் போல் இருந்து பார்க்க விரும்பிக் காலை அசைக்காமல், மூச்சை மெல்ல விட்டு அமர்ந்தார்கள். வெளியில் நீர் சொட்டுவதும், மரத்தில் பறவை குரல் கொடுப்பதும் அவர்களுக்குக் கேட்கத் தொடங்கின. அதிலிருந்து பிறந்ததுதான் மௌன விளையாட்டு. ஆசிரியர் அடுத்த அறையிலிருந்து மிக மெல்லிய குரலில் ஒவ்வொரு பெயராக அழைப்பார். அழைக்கப்பட்ட குழந்தை ஓசைப்படாமல் நடந்து வர வேண்டும். அதட்டி வாங்கிய மௌனத்தில் குழந்தையின் செவி ஆசிரியரின் கோபத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த மௌனத்திலோ, தன் பெயரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் அடுத்த வகுப்புமாக இருக்கும் அறைகளில் இதைச் செய்து பார்ப்பது கடினந்தான். எனினும் மதிய உணவுக்குப் பின் இரண்டு நிமிடம் இதைச் செய்யும் ஆசிரியர்களை நான் அறிவேன். கிணற்று உருளை கிறீச்சிடுவது, தூரத்தில் பேருந்து போவது என்று பிள்ளைகள் தாம் கேட்டவற்றைப் பிறகு போட்டியிட்டுச் சொல்கிறார்கள்.

தவறு நிகழ்ந்த பின் என்ன செய்வது என்பதற்கு நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. கூனின் கண்டபடி அது சிறு பகுதியே. தண்ணீரைக் கொட்டியவன் துணி எடுத்துத் துடைக்கட்டும். அடுத்தவன் வீட்டைக் கலைத்தவன் அவனோடு சேர்ந்து கட்டைகளை மீண்டும் அடுக்கட்டும். ஒருவன் செய்ததற்கு வரிசை முழுவதையும் நிறுத்துவது, செய்யாத பத்துப் பேரிடம் நியாயத்தைக் கேலிப்பொருள் ஆக்குவது. "மன்னிப்புக் கேள்" என்று கழுத்தைப் பிடித்துக் கேட்க வைத்த மன்னிப்பைக் கேட்டவனும் நம்புவதில்லை, பெற்றவனும் நம்புவதில்லை. கோபம் வந்தால் ஆசிரியர் சன்னலருகே போய் நின்று பத்து வரை எண்ணலாம். பிள்ளைகளுக்கும் எண்கள் பாடம் ஆகும்.

பயிற்சிக்குப் போக இருக்கும் மாணவர்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். ஏதேனும் ஒரு தொடக்கப் பள்ளியில் அனுமதி பெற்று, முதல் வகுப்பில் ஒரு மணி நேரம் பின்னால் உட்காருங்கள். ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியர் ஒரு குழந்தையின் பெயரைக் கண்டிப்பதற்காகச் சொல்லும்போதெல்லாம் முதல் பத்தியில் ஒரு கோடு; வேறு எதற்காகவேனும் சொன்னால் இரண்டாம் பத்தியில் ஒரு கோடு. மணி அடித்ததும் கோடுகளை எண்ணுங்கள். பிறகு வருகைப் பதிவேட்டை வாங்கி, இந்த ஒரு மணி நேரத்தில் எந்தப் பத்தியிலும் வராத பெயர்கள் எவை என்று பாருங்கள். அந்தக் குழந்தைகள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.